கறுப்புப் பொடிக்கு யார் சொந்தக்காரர்?



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பண்பொழியில் நாலு நாளாகச் சாரல். திருமலைக் கோயில் மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் போய்விட்டது. வெளியே இறங்க வழியில்லாததால் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் ஒரு கட்டன் சாயா போட்டுக்கொண்டு படிக்கலாம்.

என்னிடம் பிளஸ் டூ வேதியியல் படித்த ஒரு பெண்ணைப் பற்றியும், அவள் கண்டுபிடித்த ஒரு வினையூக்கியைப் பற்றியும், அதற்குக் காப்புரிமை கேட்டபோது நடந்தவற்றைப் பற்றியும் எழுதப்போகிறேன். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க சார், நம்ம பிள்ளேளுக்கு உதவும். பேரு மட்டும் வேண்டாம்" என்றாள். ஆகவே அவள் பெயரும், அவள் ஆராய்ச்சி செய்த நிறுவனத்தின் பெயரும் இங்கே வராது.

முதலில் கறுப்புப் பொடி.

என் வகுப்பில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தீர்ந்துபோன டார்ச் பேட்டரியை உடைத்து, உள்ளே கரிக்குச்சியைச் சுற்றி இருக்கும் கறுப்புப் பொடியை எடுத்து, நாலைந்து தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவருவேன். அதில் இருப்பது பெரும்பாலும் மாங்கனீசு டை ஆக்சைடு, கூடவே கரித்தூள். மருந்துக்கடையில் வாங்கிய ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு சிட்டிகை போட்டால் சோடா மாதிரிப் பொங்கும். தணலாக இருக்கும் ஊதுபத்தியைச் சோதனைக் குழாய்க்குள் நீட்டினால் குப்பென்று பற்றிக்கொள்ளும். வருவது ஆக்சிஜன்.

பிறகு குழாயில் இருப்பதை வடிகட்டி, பொடியைக் காயவைத்து எடை போடச் சொல்வேன். போட்ட எடை அப்படியே இருக்கும். "வேலை செய்ததெல்லாம் இவன்தான், ஆனால் இவன் செலவாகவே இல்லை. இவனுக்குப் பெயர் வினையூக்கி" என்பேன். அந்த எடையை இரண்டு தடவை சரிபார்த்து எழுதிய பிள்ளைகள் ஒரு வகுப்புக்கு இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். இந்தப் பெண் அந்த இரண்டு மூன்றில் ஒருத்தி. அப்பா தென்னை ஏறுகிறவர், அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். மேக்கரைப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவாள்.

அவள் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட வேலை உலோக ஆக்சைடு வினையூக்கி. பென்சைல் ஆல்கஹாலைக் காற்றில் உள்ள ஆக்சிஜனைக் கொண்டே பென்சால்டிஹைடாக மாற்றுவது. பென்சால்டிஹைடு என்றால் பாதாம் வாசனை தருகிற பொருள். வாசனைத் திரவியம், சாயம், மருந்து என்று பல இடங்களுக்குப் போகிறது.

"ஆல்கஹாலை ஆல்டிஹைடாக மாற்றுவது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறதே, டைகுரோமேட்டைப் போட்டால் ஆயிற்றே" என்று சிலர் கேட்கலாம். ஆகும். ஆனால் வேலை முடிந்த பிறகு குரோமியக் கழிவு மிஞ்சும். குரோமியம் மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்று தெரிய நாம் வெளிநாடு போக வேண்டாம். ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்த ஆலை 1990களில் மூடப்பட்டது. அது விட்டுப்போன கழிவு லட்சம் டன்னுக்கு மேல். நிலத்தடி நீர் மஞ்சளாகிப் போன கதையைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அதனால்தான் காற்றையே ஆக்சிஜனேற்றியாகப் பயன்படுத்துகிற வினையூக்கிகளுக்கு இத்தனை தேடல். காற்றுக்குக் காசும் இல்லை, கழிவும் இல்லை.

அவள் எடுத்தது நம் பழைய கறுப்புப் பொடியின் மாங்கனீசு. அதோடு சீரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு. சீரியம் நமக்குத் தூரத்துச் சொந்தம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிற மோனசைட்டில் அது உண்டு. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் அதை அடையாளம் கண்டார் என்பார்கள்.

சீரியத்துக்கு ஒரு நல்ல குணம். ஆக்சிஜனைக் கொடுக்கவும் செய்யும், திரும்ப வாங்கிக்கொள்ளவும் செய்யும். கார் புகைக்குழாயில் வைக்கிற வினையூக்கியில் அதைச் சேர்ப்பதும் இதற்காகத்தான். இந்த மாதிரி ஆக்சைடுகள் வேலை செய்யும் விதத்தை 1954இல் மார்ஸ், வான் கிரெவலன் என்ற இரண்டு டச்சு அறிஞர்கள் விளக்கினார்கள். ஆக்சைடு முதலில் தன் உடம்பில் இருக்கும் ஆக்சிஜனையே எதிரில் வரும் மூலக்கூறுக்குக் கொடுத்துவிடுகிறது. பிறகு அந்தக் காலி இடத்தைக் காற்றிலிருந்து நிரப்பிக்கொள்கிறது. நம் ஊர் மளிகைக்கடை அண்ணாச்சி பக்கத்துக் கடைக்காரருக்கு ஒரு மூட்டை அரிசி கைமாற்றாகக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் லோடு வந்ததும் தன் கடையில் அடுக்கிக்கொள்வாரே, அதே மாதிரி.

கொடுப்பதில் அளவு தெரிய வேண்டும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் பென்சால்டிஹைடோடு நிற்காமல் பென்சாயிக் அமிலம்வரை போய்விடும். எனவே இரண்டு எண்களைப் பார்ப்பார்கள். போட்ட சரக்கில் எத்தனை சதவீதம் மாறியது என்பது ஒன்று. மாறியதில் எத்தனை சதவீதம் நமக்கு வேண்டிய பொருளாக வந்தது என்பது மற்றொன்று. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: 90 சதவீதம் மாறி, அதில் 80 சதவீதம் வேண்டிய பொருளானால், கையில் கிடைப்பது 72 சதவீதம்தான். இரண்டையும் பெருக்க வேண்டும். அவளுடைய சொந்த எண்களை நான் இங்கே போடமாட்டேன். அது அவள் நிறுவனத்தின் சொத்து.

நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பம் போனது. கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் அவள் பெயரும் அவள் வழிகாட்டியின் பெயரும். ஊருக்கு வந்திருந்தபோது அவள் அம்மா என்னிடம் கேட்டார். "பேட்டன்ட்டு பேட்டன்ட்டுங்காளே, அது பட்டா மாதிரியா சார்?"

இதைவிட நல்ல கேள்வியை நான் என் முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் கேட்டதில்லை.

ஆமாம், பட்டா மாதிரிதான். பத்திரத்தில் செக்குபந்தி எழுதுகிறோம் இல்லையா? கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் வயல், வடக்கே பாதை, தெற்கே புறம்போக்கு என்று. அதுபோல விண்ணப்பத்தின் கடைசியில் உரிமைகோரல்கள் என்று ஒரு பகுதி உண்டு. "எனக்கு வேண்டிய இடம் இதுதான்" என்று சொல்லில் வேலி போடுகிற பகுதி. உலோக ஆக்சைடு வினையூக்கி என்றால் அந்த வேலி எண்களால் ஆனது. இந்த உலோகம் இத்தனை முதல் இத்தனை பங்கு, அந்த உலோகம் இத்தனை முதல் இத்தனை பங்கு, இந்த வெப்பநிலையில் இத்தனை மணி நேரம் உலையில் சுட்டது என்று போகும்.

ஒரு வித்தியாசம் உண்டு. பட்டா பேரன் பேத்திவரை போகும். காப்புரிமை 20 வருஷம்தான், அதுவும் வருடா வருடம் கட்டணம் கட்டிவந்தால். அதற்குப் பிறகு அந்த நிலம் ஊர்ப் பொது. யார் வேண்டுமானாலும் உழலாம். அதற்காகத்தான் எப்படிச் செய்வது என்று ஒளிக்காமல் எழுதித்தரச் சொல்லுகிறது அரசு. சொல்லிக்கொடு, 20 வருஷம் உனக்குக் காவல் இருக்கிறேன் என்ற ஒப்பந்தம் இது.

நம் நாட்டில் இந்த ஏற்பாடு 1856இல் வந்தது. முதல் விண்ணப்பம் கல்கத்தாவைச் சேர்ந்த டிபென்னிங் என்ற பொறியாளருடையது, பங்கா இழுக்கிற இயந்திரத்துக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தச் சட்டத்தைத் திருத்த வழிசொல்லும்படி நியமிக்கப்பட்டவர் ஒரு தமிழர், நீதியரசர் ந. ராஜகோபால அய்யங்கார். அவர் அறிக்கை 1959இல் வந்தது. இந்தியாவில் கொடுக்கப்பட்ட காப்புரிமைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டவர் கையில் இருக்கின்றன, இங்கே அவற்றால் தொழில் நடக்கவில்லை என்று எடுத்துக்காட்டினார். அதை ஒட்டி 1970ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டப்படி வேதிமுறையில் செய்யப்படும் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். அதாவது இந்தப் பெண் 1980இல் இதைக் கண்டுபிடித்திருந்தால், அந்தப் பொடியைத் தன்னுடையது என்று சொல்லியிருக்க முடியாது. பொடி செய்யும் வழியை மட்டுமே சொல்லியிருக்கலாம். உலக வர்த்தக ஒப்பந்தத்தின் காரணமாக 2005 ஜனவரி முதல் அது மாறியது.

இப்போது கதைக்கு வருகிறேன்.

ஒருநாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு போன். குரலே சரியில்லை.

"சார், எல்லாம் போச்சு சார். சென்னை ஆபீஸ்லருந்து வந்துட்டு. புதுசு இல்லைங்காவ, சும்மா கலவைதான்ங்காவ. ஒண்ணுவிடாம அடிச்சிட்டாவ சார்."

"அழாத பிள்ள. மொதல்ல அதை எனக்கு அனுப்பு. கடைசியில கையெழுத்துக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?"

"இல்ல சார்."

அனுப்பினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தேன். அதன் பெயர் முதல் ஆய்வறிக்கை. ஆபீஸ் இருப்பது சென்னை கிண்டியில். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா எல்லாவற்றுக்கும் அதுதான். அங்கே ஆய்வாளர் தேடிப் பார்த்து ஆட்சேபணைகளை எழுதுவார். முடிவு எடுப்பவர் அவருக்கு மேலே இருக்கும் கட்டுப்பாட்டாளர். ஆறு மாதத்துக்குள் பதில் சொல்லலாம், கேட்டால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். பதில் சொல்லாமல் விட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அவளுக்கு வந்தது தீர்ப்பு இல்லை, கேள்வித்தாள்.

கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன். உங்கள் பிள்ளைகளுக்கும் நாளைக்கு இதே கேள்விகள்தான் வரும்.

முதலாவது, புதுமை. நிலம் வாங்கும்முன் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோமே, அதேதான். உலகத்தில் எந்த மொழியிலாவது, எந்த ஆண்டிலாவது இதை யாராவது வெளியிட்டிருக்கிறார்களா? இந்தத் துறையில் வில்லங்கம் அதிகம். 1831இலேயே பிரிஸ்டல் நகரத்து வினிகர் வியாபாரி பெரக்ரின் பிலிப்ஸ், பிளாட்டினத்தை வைத்துக் கந்தக டை ஆக்சைடை ஆக்சிஜனேற்றும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பாவம், அந்தக் காலக்கெடு முடிந்து பல வருஷம் கழித்துத்தான் தொழிற்சாலைகள் அதைக் கையில் எடுத்தன. ஆர்சனிக் பட்டால் பிளாட்டினம் செத்துவிடும் என்பதால், முதல் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் வனேடியம் ஆக்சைடுக்கு மாறியது. நம் பாடப்புத்தகத்துத் தொடு முறை அதுதான். 1959இல் அமெரிக்காவில் ஐடல் என்பவர் பிஸ்மத், மாலிப்டினம் ஆக்சைடுகளைக் கொண்டு புரொப்பிலீனிலிருந்து அக்ரைலோநைட்ரைல் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். குளிருக்குப் போடுகிற அக்ரிலிக் ஸ்வெட்டர் நூலுக்கு மூலப்பொருள் அது. அதன் பின்னால் இரும்பு சேர்த்தது, கோபால்ட் சேர்த்தது, நிக்கல் சேர்த்தது என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. தனிம வரிசை அட்டவணையில் கைவைக்கும் இடமெல்லாம் யாரோ வேலி போட்டிருப்பார்கள்.

இவளுடைய பொடிக்கும் அப்படி இரண்டு ஆவணங்களை ஆய்வாளர் எடுத்து வைத்திருந்தார். ஒன்றில் மாங்கனீசும் சீரியமும் இருக்கிறது, ஆனால் வேறு வேலைக்கு. அந்த விகித வரம்பின் ஒரு ஓரம் இவளுடைய வேலிக்குள் வந்து முட்டுகிறது. இன்னொன்றில் அதே பென்சைல் ஆல்கஹால் வேலை, ஆனால் மாங்கனீசு மட்டும்.

இரண்டாவது, கண்டுபிடிப்புத் திறம். புதிதாக இருந்தால் மட்டும் போதாது. இந்தத் தொழில் தெரிந்த ஒருவன் அந்த இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தானாகவே இதைச் செய்துவிட மாட்டானா என்ற கேள்வி. நம் உச்ச நீதிமன்றம் 1978இல் பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் இதைச் சொல்லியிருக்கிறது. பித்தளைப் பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்துவைக்கும் ஒரு அமைப்புக்கான காப்புரிமை அது. பட்டறையில் நல்ல வேலைக்காரன் இயல்பாகச் செய்துகொள்ளும் மேம்பாடு கண்டுபிடிப்பு ஆகாது என்று சொல்லி அதை ரத்து செய்தார்கள்.

மூன்றாவது, சட்டத்தின் 3(ஈ) என்று நாம் சொல்லக்கூடிய, ஆங்கில வரிசையில் 3(டி) பிரிவு. தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால், அதன் செயல்திறன் கூடியிருக்கிறது என்று காட்ட வேண்டும். இந்தப் பிரிவை உலகமே அறியச் செய்த நோவார்ட்டிஸ் ரத்தப் புற்றுநோய் மருந்து வழக்கும் நம் சென்னை அலுவலகத்தில் தொடங்கியதுதான். 1998இல் விண்ணப்பம், 2006 ஜனவரியில் சென்னையில் நிராகரிப்பு, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நிராகரிப்பை உறுதிசெய்தது. பொருள் எந்தக் காரியத்துக்கோ அந்தக் காரியத்தில் திறன் கூட வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். மருந்து என்றால் நோய் தீர்ப்பதில், வினையூக்கி என்றால் வினையை நடத்துவதில்.

நாலாவது, 3(இ). அவளை அழவைத்தது இதுதான். வெறும் கலவையாக இருந்து, ஒவ்வொன்றின் குணமும் கூட்டிக் கழித்து அப்படியே வந்தால் அது கண்டுபிடிப்பு இல்லை. இட்லிப் பொடியில் மிளகாயின் காரமும் உளுந்தின் மணமும் தனித்தனியே தெரிகிற மாதிரி இருந்தால் கலவை. சுண்ணாம்பும் மஞ்சளும் சேர்ந்து சிவப்பாகிறதே, அது வேறு. அங்கே இரண்டிலும் இல்லாத ஒன்று பிறக்கிறது. "உன் பொடி இட்லிப் பொடியா, குங்குமமா?" என்பதுதான் ஆய்வாளர் கேட்டது.

ஐந்தாவது, விளக்கம் போதுமா என்பது. வேறொருவர் படித்துவிட்டுத் தானே செய்து பார்க்கும் அளவுக்கு எழுதியிருக்கிறாயா? உலையில் எத்தனை டிகிரி, எவ்வளவு வேகத்தில் சூடேற்றினாய், காற்றிலா நைட்ரஜனிலா என்பதெல்லாம்.

அடுத்த நாள் காலையில் நானே கூப்பிட்டேன்.

"ஏம்மா, ரெண்டு ஆக்சைடையும் தனித்தனியாச் செஞ்சு, சுடாம, சும்மா கல்வத்துல போட்டு அரைச்சு, அதே விகிதத்துல வினை நடத்திப் பாத்தியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"பாத்தேன் சார். ரெண்டாவது வருஷத்துல. நோட்டுல இருக்கு. பேப்பர்ல போடல. விண்ணப்பத்துலயும் எண் போடல. தனித்தனியா இருக்கதவிட நல்லாருக்குன்னு ஒரு வரி மட்டும்தான் எழுதியிருக்கோம்."

"நோட்டுல தேதி இருக்கா? கையெழுத்து இருக்கா?"

"தேதி போடாம உங்க கிளாஸ்ல யாராவது எழுத முடியுமா சார்?"

அப்போதுதான் அவள் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது.

அந்தச் சோதனைதான் எல்லாம். மாங்கனீசு மட்டும், சீரியம் மட்டும், இரண்டையும் சும்மா அரைத்த கலவை, இவள் முறையில் கரைசலில் சேர்த்து உலையில் சுட்ட கூட்டு ஆக்சைடு. நாலு வரிசை. முதல் இரண்டின் சராசரிக்குப் பக்கத்தில்தான் மூன்றாவது நின்றது. நாலாவது தனியாக மேலே ஏறி நின்றது, அதுவும் பென்சாயிக் அமிலம்வரை ஓடாமல். சீரியத்தின் படிகக் கூட்டுக்குள் மாங்கனீசு புகுந்து உட்கார்ந்தபோது ஆக்சிஜன் கொடுக்கல் வாங்கல் எளிதாகிவிட்டது என்பதற்கு எக்ஸ் கதிர் ஆதாரமும் வைத்திருந்தாள். குங்குமம்தான்.

விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு அதற்குள் புதிய விஷயத்தைச் சொருக முடியாது. ஆனால் அதில் ஏற்கெனவே சொன்ன ஒரு விளைவை நிரூபிக்கும் தரவை, பதிலோடு உறுதிமொழிப் பத்திரமாக இணைத்துக் காட்டலாம். அந்த ஒரு வரி இல்லாதிருந்தால், நோட்டில் அந்தப் பக்கம் இல்லாதிருந்தால், இந்தப் பதிவை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மிச்சம் இருந்தது வேலிச் சண்டை. பழைய ஆவணத்தின் வரம்பு இவளுடைய வரம்பில் முட்டுகிற ஓரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார் காப்புரிமை முகவர். சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வேலியை உள்ளே நகர்த்தலாம், வெளியே நகர்த்த முடியாது. இவளுக்கு மனசே வரவில்லை.

"அந்த விகிதமும் நான் செஞ்சதுதான சார். ராத்திரி ரெண்டு மணிவரைக்கும் உலை பக்கத்துல உக்காந்து செஞ்சது. அதை எப்படி சார் விடச் சொல்லுதாவ?"

அவளுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். உழைத்தது நீ, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஓரத்தில் உனக்கு முன்னால் ஒருவர் காலடி வைத்திருக்கிறார். அவரும் எங்கோ ஒரு உலைப் பக்கத்தில் ராத்திரி ரெண்டு மணிவரை உட்கார்ந்திருப்பார். அவர் எழுதி வெளியிட்டதால்தான் உன் ஆராய்ச்சியின் முதல் அத்தியாயமே எழுத முடிந்தது. வயலில் வரப்பை வெட்டி உள்ளே தள்ளுகிறவனைப் பற்றி உங்க அப்பா என்ன சொல்வார் என்று யோசித்துப் பார் என்றேன். பதில் சொல்லவில்லை. மறுநாள் சம்மதித்துவிட்டதாக மெசேஜ் வந்தது.

பதில் போனது. பிறகு வீடியோ வழியாக விசாரணை. இது நீதிமன்றம் மாதிரி இருக்காது. கட்டுப்பாட்டாளர் கேட்பார், முகவரும் கண்டுபிடித்தவரும் சொல்லலாம். சுட்ட பொடிக்கும் அரைத்த பொடிக்கும் உள்ள வித்தியாசத்தை அவளே விளக்கியிருக்கிறாள். அரை மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குப் பிறகு 15 நாளுக்குள் எழுத்து வாதம் கொடுக்க வேண்டும். கொடுத்தார்கள். போன மாதம் காப்புரிமை வழங்கப்பட்டது. கேட்டதைவிடச் சிறிய வேலி. ஆனால் உள்ளே இருப்பது அத்தனையும் அவளுடையது.

அவள் அம்மா திருமலைக் கோயிலுக்குப் படி ஏறிப்போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்து எனக்குப் பிரசாதம் கொடுத்தார். "பட்டா வந்துட்டு சார்" என்றார்.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. எனக்குத் தெரிந்த இன்னொரு பையன், வேறொரு கல்லூரி, நல்ல கண்டுபிடிப்பு. வழிகாட்டி அவசரப்படுத்தினார் என்று ஆராய்ச்சி இதழில் கட்டுரையை வெளியிட்டுவிட்டான். விண்ணப்பம் போட்டது இரண்டு வருஷம் கழித்து. ஆய்வாளர் அவன் கட்டுரையையே எடுத்து வைத்து, இது ஏற்கெனவே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது என்றார். சட்டத்தில் அறிவியல் சங்கத்தில் படித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு 12 மாதச் சலுகை உண்டு. அந்தக் கெடுவும் தாண்டிவிட்டது. அவன் வயலுக்கு வில்லங்கம் அவனேதான்.

ஆய்வாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்காரும்போது கையில் விடைக்குறிப்பு இருக்கும். பொருத்திப் பார்த்து மதிப்பெண் போடுவோம். இவர்களுக்கு அந்த வசதி கிடையாது. இதுவரை யாருமே எழுதாத விடையா என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. அதற்கு உலகத்தின் எல்லா விடைத்தாள்களையும் தேட வேண்டும். தாராளமாகக் கொடுத்தால் ஊர்ப் பொது நிலம் ஒருவர் கைக்குப் போய்விடும். கறாராக மறுத்தால் ஒரு தென்னை ஏறுகிறவர் மகளின் ஐந்து வருஷ உழைப்பை எந்தக் கம்பெனியும் சும்மா எடுத்துக்கொண்டு போய்விடும். இரண்டு பக்கமும் மனிதர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்விகள் கடுமையாக இருப்பது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. அந்தக் கடுமையைத் தாண்டி வந்ததால்தான் இவள் பட்டாவுக்கு மதிப்பு.

பெற்றோர்களே, ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளே, கடைசியாகச் சில காரியங்கள்.

கட்டுரைக்கு முன் விண்ணப்பம். முழு விவரம் தயாராக இல்லையென்றால் தற்காலிக விவரக்குறிப்பைப் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழுசாகக் கொடுக்க 12 மாதம் இருக்கிறது.

பணத்துக்குப் பயப்பட வேண்டாம். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். பெரிய கம்பெனிக்கு அதுவே 8,000. கல்வி நிறுவனங்களுக்கும் 2021 முதல் 80 சதவீதம் சலுகை உண்டு. ஆய்வுக்கான கட்டணம் தனி. முகவர் வைத்தால் அவர் கட்டணமும் தனி.

ஆய்வு தானாக நடக்காது. நாம் கேட்டு மனுப் போட வேண்டும். 2024 மார்ச் திருத்தத்துக்குப் பிறகு அதற்கான கெடு 48 மாதத்திலிருந்து 31 மாதமாகக் குறைந்திருக்கிறது. மறந்தால் விண்ணப்பம் போய்விடும்.

தோற்ற சோதனையையும் நோட்டில் எழுதுங்கள். தேதி போடுங்கள். வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பிடுவதற்காகச் செய்கிற மொட்டைச் சோதனைதான் நாளைக்கு உங்கள் சாட்சி.

எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு வேலை இல்லை என்று வீட்டில் இருப்பவர்களுக்கு: காப்புரிமை ஆய்வாளர் என்பது மத்திய அரசின் கெசட்டட் பதவி, அதற்குத் தேர்வு வரும்போது வேதியியலுக்கும் இடங்கள் ஒதுக்குகிறார்கள். காப்புரிமை முகவர் தேர்வும் உண்டு, அறிவியல் பட்டம் இருந்தால் எழுதலாம். தென்காசி மாவட்டத்திலிருந்து எத்தனையோ பிள்ளைகள் குரூப் தேர்வுக்கு மட்டும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதையும் ஒரு கண் பாருங்கள். விவரம் வேண்டுவோர் கீழே கேளுங்கள். தெரிந்தவரை சொல்கிறேன், தெரியாததை அவளிடம் கேட்டுச் சொல்கிறேன். அவள் இப்போது அடுத்த பொடிக்கு உலையைப் பற்றவைத்துவிட்டாள்.